தர்ப்பைப் புருஷன்

சாஸ்திரிகள் தர்ப்பைப் புல்லில் அப்பாவுக்குத் தலை வைத்துக்கொண்டிருந்தார்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, ஒரு பிடி தர்ப்பையை நடுவில் மடித்து, கழுத்து வரவேண்டிய இடத்தில் இன்னொரு தர்ப்பையால் இறுக்கினார். கைகள் ஏற்கெனவே முடிந்திருந்தன. கால்களில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. பட்டாபி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்து அப்பா ராமமூர்த்திக்கு இரண்டு காலும் சமமாகத்தான் இருந்தன. இல்லாவிட்டால் வீட்டை விட்டு அத்தனை தூரம் ஓடியிருக்க முடியாது.

“ஒரு வேஷ்டி கொண்டு வா. அப்பாவோடதா இருந்தா விசேஷம்” என்றார் சாஸ்திரிகள்.

“அப்பா போறப்போ எல்லாத்தையும் எடுத்துண்டு போயிட்டார்.”

“அப்போ உன்னோடது கொடு. பரவாயில்லை.”

பரவாயில்லையாமே. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன மனிதர், மகனுடைய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு புல்லாகத் திரும்பி வந்திருக்கிறார். வந்தவர் சும்மா இருக்கப் போவதில்லை. அம்மாவின் சிதையில், அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளப் போகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பட்டாபி கொள்ளி வைக்க வேண்டும். அதற்கு முன்னால், தன் தகப்பனார் காலமாகிவிட்டார் என்று தன் வாயாலேயே சங்கல்பம் சொல்ல வேண்டும். இது பெரியப்பா ராஜாராமனின் ஏற்பாடு.

பட்டாபி வேஷ்டி எடுக்கக் கீழே இறங்கினான். மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றும்போதே கால் படியிறங்கிவிட்டது. அவன் சுபாவம் அப்படி. ரேஷன் கடையில் எடையைக் குறைத்துப் போடுகிறவனுக்குச் சொல்ல வேண்டிய சுடச்சுடப் பதில் அவனுக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றும். அதை ஜலஜாவிடம் சொல்லிக் காட்டுவான். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பதிலுக்குப் பயந்துபோன கடைக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். நல்ல மனைவி.

கரோல் பாகில் அந்த இரண்டாவது மாடி வீட்டின் கூடத்தில் அம்மா சுந்தரவல்லி படுத்திருந்தாள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, சிவப்புப் புடவை கட்டி, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். காலையில் எழுந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவள், காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, “சூடு போறலை” என்று டம்ளரை ஜலஜாவிடம் திருப்பிக் கொடுத்தாள். ஜலஜா சுடவைத்துக் கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். பனியில் சறுக்கி, கோவேறு கழுதை உதைத்து, ஒருமுறை நடுப் பாலைவனத்தில் ஒட்டகத்தோடு தொலைந்து, எல்லாவற்றிலிருந்தும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தவள். அவளுக்கு இப்படி ஒரு சாவு. பட்டாபியால் அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. யாரை என்றுதான் தெரியவில்லை.

தலைமாட்டில் விசாலாக்ஷி மாமி. கீழ் வீட்டுக்காரி. பட்டாபியைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தேடித் தேடியே தேஞ்சு போயிட்டாடா உங்கம்மா. மலையெல்லாம் நடந்து, குளிர்ல வெறச்சு, எத்தனை தவம். சாவித்திரி கூட எமன் பின்னாடி கொஞ்ச தூரந்தான் போனா.”

சுற்றி உட்கார்ந்திருந்த மாமிகள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். தேய்ந்ததா? அம்மாவைப் படுக்கவைப்பதற்கு நாலு பேர் தேவைப்பட்டது. தேய்ந்ததெல்லாம் அவளுடைய கான்வாஸ் ஷூதான். வருஷத்துக்கு ஒரு ஜோடி. பட்டாபி கையை விடுவித்துக்கொண்டு பீரோவைத் திறந்தான்.

அறுபத்தொன்றில் அப்பா ஒருநாள் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பினார். ஆபீசுக்கு எதற்குப் பெட்டி என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஹரித்வாரிலிருந்து ஒரு வரி வந்தது: சந்நியாசம் வாங்கிக்கொள்கிறேன், தேட வேண்டாம். அம்மாவுக்கு அப்போது முப்பத்துமூன்று. பையனுக்கு ஒன்பது. கல்யாணத்துக்கு முன்னால் பாஸ் செய்த பி.ஏ.யைத் தூசி தட்டி எடுத்து, ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கப் போனாள். அவள் அழுததைப் பட்டாபி பார்த்திருக்கிறான். முதல் இரண்டு வருஷம் நிஜமாகவே அழுதாள். நிஜமாகவே தேடவும் போனாள்.

அந்தத் தேடலுக்குக் கரோல் பாக் முழுவதும் கூடப் பாடுபட்டது. ஜூன் மாதம் டெல்லித் தமிழர்கள் எல்லாம் பெட்டி படுக்கையோடு மெட்ராஸ் ரயிலேறும்போது, சுந்தரவல்லி மட்டும் எதிர்ப்பக்கம் பஸ் ஏறுவாள். விசாலாக்ஷி மாமி வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து, டப்பா நிறைய முறுக்கு கட்டிக்கொடுத்து, “இந்தத் தடவையாவது கண்ணில பட்டுடணும்” என்று திருஷ்டி சுற்றுவாள். அம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வாள்.

எல்லாரையும்விட அதிகம் பாடுபட்டவர் பெரியப்பாதான். அப்பாவின் அண்ணா. சாலைகளையும் சர்க்கார் கட்டடங்களையும் பார்த்துக்கொள்ளும் ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரெட்டரி. மலைநாடு முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் பங்களாக்கள் அந்த அமைச்சகத்தின் கையில். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்னால் போதும், பெரியப்பா டிரங்க் கால் போட்டு அறை ஏற்பாடு செய்வார். ரிடையரான பிறகும் பழைய ஆபீசில் சொல்லிச் செய்தார். கம்பளி கொடுப்பார், டார்ச் கொடுப்பார், தன்னுடைய ஓவர்கோட்டைக் கொடுப்பார். தம்பி செய்ததற்கு அண்ணாவாவது இதைச் செய்ய வேண்டாமா என்பார். சாவித்திரிக்குக்கூட இந்த வசதி கிடையாது. அவளுக்கு வழியில் ஒரு காவல்கார சௌகிதாரும் எழுந்து நின்று சல்யூட் அடிக்கவில்லை.

ஒரே ஒரு ஊர்தான் பெரியப்பாவுக்கு வசப்படவில்லை. உத்தரகாசி. எப்போது கேட்டாலும் அங்கே இடம் இல்லை. ஒரு வருஷம் யாரோ மந்திரி வருகிறார், அடுத்த வருஷம் கூரை ஒழுகுகிறது, அதற்கடுத்த வருஷம் மந்திரியும் ஒழுகலும் சேர்ந்து. “அங்கே ஒண்ணுமே இல்லை வல்லி, அங்கெல்லாம் அவன் இருக்க மாட்டான்” என்பார்.

அம்மா பூகோள டீச்சர். ஒரு வரைபடத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் வெள்ளையாக இருந்தால் அவளால் தூங்க முடியாது.

அறுபத்தேழு ஜூனில் பட்டாபியையும் கூட்டிக்கொண்டு, பெரியப்பாவிடம் மசூரி என்று சொல்லிவிட்டு, உத்தரகாசிக்குப் போனாள். பட்டாபி வழியெல்லாம் பஸ் ஜன்னலில் வாந்தி எடுத்தான். இமயமலையைப் பற்றி இன்று யார் பேசினாலும் அவனுக்கு எலுமிச்சம்பழ வாசனைதான் ஞாபகம் வரும்.

தரம்சாலா சத்திரத்தில் பையை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்தார்கள். டீக்கடைக்கு எதிரே ஒரு ஆசிரமம். வாசலில் சாப்பாட்டுக்கு யாத்ரீகர்கள் கூட்டம். காவி கட்டி, தாடி வைத்த ஒரு சுவாமி அவர்களை மிரட்டி வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். டோக்கன் இல்லாமல் நுழையப் பார்த்த ஒரு கிழவரைப் பின்னுக்குத் தள்ளி, “லைன்! லைன் மே ஆவோ!” என்று கத்தினார். அந்த இந்தியில் தஞ்சாவூர் மணத்தது. அப்பா வீட்டிலும் அப்படித்தான். குளியலறைக்குப் போவதற்குக்கூட யார் முதலில், யார் அடுத்து என்று வரிசை போடுவார்.

பட்டாபி அம்மாவின் முழங்கையைத் தொட்டான்.

“பார்த்தேன்” என்றாள் அம்மா.

டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “இளைச்சிருக்கார். உடம்புக்கு நல்லது” என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, “உனக்கு அவரோட பேசணுமா? பேசணும்னா போய்ட்டு வா. நான் இங்கேயே இருக்கேன். அவசரமில்லை” என்றாள்.

வேண்டாம் என்றான். பேசுவதற்கு நிறைய இருந்தது. வாயைத் திறந்தால் வாந்திதான் முதலில் வரும் என்று பயமாக இருந்தது.

அங்கிருந்து இன்னும் மேலே, மலைக்குள் போகிற பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் எட்டிப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். “சம்சாரம் வேண்டாம்னு இத்தனை தூரம் வந்து, அதே ஹெட் கிளார்க் வேலையைப் பார்த்துண்டிருக்கார்டா” என்றாள். சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். அப்புறம் நெடுநேரம் திரும்பவில்லை. அப்போதும் சிரித்தாளா என்று பட்டாபி பார்க்கவில்லை.

இறங்குவதற்கு முன் ஒன்று சொன்னாள். “உன் பெரியப்பாவுக்கு இது தெரியும். சொல்லக்கூடாதுன்னு யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கார் போலிருக்கு. நமக்குத் தெரிஞ்சதா காட்டிக்காதே. பாவம், பயந்துடுவார். பங்களாவும் போயிடும்.”

அதற்கப்புறம்தான் சுந்தரவல்லி உண்மையாகவே தேட ஆரம்பித்தாள். கேதார், குலு, ரோதங், அமர்நாத். பாட்டி வயதுக்காரிகள் டோலியில் போகும் இடத்துக்கு நடந்து போனாள். ஹரித்வாரைத் தாண்டியதும் புடவையை மடித்துப் பையில் வைத்துவிட்டு சல்வாருக்கு மாறிவிடுவாள். இருக்கிற இடம் தெரிந்துவிட்டதால், இல்லாத இடங்களில் நிம்மதியாகத் தேட முடிந்தது. ஜெய்சால்மரில் தேடினாள். ஒரு டிசம்பரில் கோவாவில்கூடத் தேடினாள். அங்கே யாரோ ஒரு தமிழ் சுவாமி கடற்கரையில் தவம் செய்வதாகக் கேள்வி என்று மாமிகளிடம் சொன்னபோது, அவள் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. திரும்பி வந்ததும் ஒவ்வொரு தடவையும் பெரியப்பா வீட்டுக்குப் போய், “கிடைக்கலை” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். பெரியப்பா தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த வருஷத்துக்கு எங்கே என்று அவரே கேட்பார்.

எழுபத்துமூன்றில் ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாவிட்டால் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, தர்ப்பையில் உருவம் செய்து தகனம் பண்ணிவிடலாம், சாஸ்திரம் இருக்கிறது என்றார்கள். அம்மா மறுத்துவிட்டாள். “நான் தேடறதை விடமாட்டேன்” என்றாள். கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விதவையாகிவிட்டால் ஜூன் மாதம் மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிடுவார்கள் என்று அம்மா ராத்திரி பட்டாபியிடம் சொன்னாள்.

தம்பி இருக்கிற இடம் தெரிந்த பெரியப்பா. இன்று மத்தியானம் அம்மாவின் கால்மாட்டில் நின்று, அண்டர் செக்ரெட்டரிக் குரலில், “இவள் என் தம்பிக்காக வாழ்ந்தவள், என் தம்பியைத் தேடியே உயிரை விட்டவள், அவனோடுதான் போக வேண்டும்” என்று பேசிய பெரியப்பா. சாஸ்திரிகள், இதற்குத் தனியாக நாள் பார்த்துப் பண்ணுவதுதான் முறை என்று இழுத்தார். டெல்லியில் தனியாக நாள் பார்த்தால் லீவு யார் தருவார்கள் என்று பெரியப்பா கேட்டதும், வழி இருக்கிறது என்றார். அப்படியானால் சிவப்புப் புடவையா, இல்லையா என்று ஒரு மாமிக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் போவதால் புடவைக்குப் பங்கமில்லை என்று சாஸ்திரிகள் தீர்ப்புச் சொன்னார். பட்டாபியை யாரும் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவில்லை.

பீரோவிலிருந்து வேஷ்டியை எடுத்துக்கொண்டு அவன் மேலே போனான். சாஸ்திரிகள் அதைக் கிழித்து உருவத்துக்குச் சுற்றிவிட்டு, கீழே மற்ற வேலையைப் பார்க்கப் போனார். பொம்மை தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த மாடியில் ஒரு பஞ்சாபி அம்மாள் ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் உலர்த்தியபடி இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, என்ன புரிந்துகொண்டாளோ, கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெரியப்பா மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“தூக்கிண்டு வாடா. ஜல்தி. வேன் வந்துடுத்து.”

“நான் மாட்டேன், பெரியப்பா.”

“கனமா இருக்கப் போறது? புல்லுதானே.”

“அப்பா செத்துட்டார்னு என் வாயால சொல்ல மாட்டேன். அவர் சாகலை. உத்தரகாசியில இருக்கார். உங்களுக்குத் தெரியும்.”

பெரியப்பா வேஷ்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். சுற்றிலும் பார்த்து, துணி துவைக்கிற வாளி ஒன்று கவிழ்ந்து கிடக்க, அதன் மேல் உட்கார்ந்தார்.

“யார் சொன்னா உனக்கு?”

“அம்மா.”

“அவளுக்கு யார் சொன்னா?”

“நீங்கதான். உலகத்துல எல்லா ஊர்லயும் ரூம் கிடைக்கும், அந்த ஒரு ஊர்ல மட்டும் கிடைக்காது. அம்மா பூகோள டீச்சர், பெரியப்பா.”

அவர் வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. அறுபத்தைந்தில் பாலம் ஒன்றைப் பார்வையிடப் போனபோது தம்பியைக் கண்டதாகவும், அவன் தன் காலைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டதாகவும், சந்நியாசிக்குச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்ததாகவும் மெல்லச் சொன்னார். சந்நியாசம் வாங்கிக்கொண்டவன் தனக்குத் தானே கருமம் பண்ணிக்கொண்டவன், அதனால் இந்தப் பொம்மையில் பொய் ஒன்றும் இல்லை என்றார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

“அத்தனை வருஷமும் ஒத்தையா அலைஞ்சா. கடைசிப் பயணத்துக்காவது துணை இருக்கட்டுமேன்னு பார்த்தேன்டா.”

“அவ துணை கேக்கலை.”

“ஒவ்வொரு வருஷமும் வந்து என் எதிர்ல அழுவாளே. எனக்கு நாலு நாளைக்குச் சோறு இறங்காது.”

“அழலை, பெரியப்பா. முந்தானைக்குள்ள சிரிச்சிண்டிருந்தா.”

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டாபிக்குத் தோன்றியது. எழுபது வயது மனிதர். ரத்த அழுத்தம் வேறு. பெரியப்பா பொம்மையைப் பார்த்தார். எதிர்மாடி ரஜாயைப் பார்த்தார். பதினைந்து வருஷத்து டிரங்க் கால்களும் ஒவ்வொன்றாக அவர் காதில் அடித்து ஓய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

“கள்ளி” என்றார்.

முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, பொம்மையைத் தொடாமல் படியிறங்கினார்.

கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். பாடையில் கட்டுவதற்குக் கயிறு தயாராக இருந்தது. உருவம் எங்கே என்று சாஸ்திரிகள் கேட்டார்.

“அது வேண்டாம்” என்றார் பெரியப்பா. “ராமமூர்த்தி இருக்கான். உத்தரகாசியில, ஒரு ஆசிரமத்துல. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். நான் சொல்லலை.”

ஜலஜா சமையலறை வாசலிலிருந்து பட்டாபியைப் பார்த்தாள். விசாலாக்ஷி மாமி தலையில் அடித்துக்கொண்டாள். இந்தப் பாவி மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஏன் காடு மேடெல்லாம் அலைந்திருக்கப் போகிறாள், கையில் விளக்கை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடவிட்டானே, இது அடுக்குமா என்று ஆரம்பித்தாள். மற்ற மாமிகளும் சேர்ந்துகொண்டார்கள். அழுகை இரண்டு மடங்காயிற்று. பெரியப்பா நின்ற இடத்தில் நின்றார். தலையைக் குனிந்திருந்தார். அவர் அடுத்த வார்த்தை சொல்லப் போவதில்லை என்று பட்டாபிக்குப் புரிந்தது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அம்மாவைச் சாவித்திரியாகவே அனுப்பிவைக்கப் போகிறார். முன்னைவிடப் பெரிய சாவித்திரி.

பேசாமல் இருந்துவிடலாம். அம்மாவுக்குப் பெயர் கெடாது. கரோல் பாகில் இன்னும் இருபது வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் அவள் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சுடச்சுடப் பதில் எல்லாம் பட்டாபிக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். ஆனால் இன்று அவன் வீட்டில்தான் இருந்தான்.

“அம்மா தேடலை” என்றான்.

அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னான்.

“அம்மா தேடலை, மாமி. பதினஞ்சு வருஷம் முன்னாடியே போய் அவரைப் பார்த்தா. எதிர் கடையில டீ குடிச்சா. வந்துட்டா. அதுக்கப்புறம் போனதெல்லாம் ஊர் பார்க்கத்தான். மலை பார்க்க, பனி பார்க்க. அவளுக்கு அது பிடிச்சிருந்தது. ஒரு நாளும் அழுதுண்டு போகலை. யாருக்காகவும் போகலை. தயவு பண்ணி அவளை அழவைக்காதீங்கோ.”

கூடத்தில் சத்தம் நின்றது. மாடிப்படியில் வேன் டிரைவர் யாரையோ “எவ்வளவு நேரம்?” என்று இந்தியில் கேட்பது கேட்டது. பின்வரிசையில் இருந்த இரண்டு மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எழுந்து, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். போகும்போது ஒருத்தி, அம்மாவின் நெற்றியிலிருந்து குங்குமம் எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டிருந்ததை விரலால் துடைத்தாள்.

விசாலாக்ஷி மாமி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“நான் அவளுக்காக வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இருந்தேனே” என்றாள், யாரிடம் என்றில்லாமல். “கோவாவுக்குப் போனாளே, அப்போகூட.”

மாமி நிமிர்ந்து பட்டாபியைப் பார்த்தாள்.

“கோவாவுல என்ன பண்ணினாளாம்?”

“சமுத்திரத்துல நீச்சல் கத்துண்டா.”

மாமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த முகத்தில் மஞ்சளையும் குங்குமத்தையும் மீறி ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. சாஸ்திரிகள் கனைத்தார். அப்படியானால் அகமுடையான் இருப்பது நிச்சயம், ஆகவே சுமங்கலிதான், சந்தேகமே தீர்ந்துவிட்டது, சிவப்புப் புடவை இருக்கட்டும் என்றார். அவர் பாடு அவருக்கு. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

மாமிக்கு இரண்டு முழங்காலும் வாதம். காலையில் ஒருமுறை அம்மாவின் காலில் விழுந்து கும்பிட்டபோதே இரண்டு பேர் பிடித்துத்தான் எழுப்பினார்கள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால்மாட்டுக்கு வந்தாள். பிடிக்க வந்த ஜலஜாவின் கையை விலக்கிவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு முழங்காலாக மடக்கி, மறுபடி ஒருமுறை விழுந்தாள்.

வேனில் இரண்டு பக்கமும் நீளப் பலகை. நடுவில் அம்மா. பட்டாபி ஒரு பக்கம், பெரியப்பா எதிர்ப்பக்கம். சாஸ்திரிகள் முன்னால் டிரைவரோடு ஏறிக்கொண்டார். மற்றவர்கள் பின்னால் ஸ்கூட்டரில் வந்தார்கள். ஆசிய விளையாட்டுக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேன் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் பட்டாபிக்கு வயிற்றைப் புரட்டியது. ஜன்னல் கண்ணாடி இல்லாததால் காற்று வந்தது. அது ஒன்றுதான் சௌகரியம்.

பெரியப்பா டெல்லிக்கு வந்து நாற்பது வருஷம். அந்தப் பாலத்தைப் பார்வையிடப் போனதைத் தவிர மலைப்பக்கம் போனதில்லை. அவருக்குக் குளிர் ஆகாது.

“சோப்தாவுல ஒரு பங்களா” என்றார். “மூணு தடவை போட்டுக் கொடுத்திருக்கேன். வராந்தாவிலேர்ந்து பனிமலை தெரியும்னு ஃபைல்ல எழுதியிருக்கும். தெரிஞ்சுதா? ஏதாவது சொன்னாளா?”

பட்டாபி யோசித்தான்.

“வராந்தாவிலேர்ந்து இல்லையாம். மரம் மறைக்குமாம். சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்துதான் தெரியுமாம். அதனால சௌகிதாரை வெளில அனுப்பிட்டு, ரெண்டு வேளையும் அவளே சப்பாத்தி போட்டாளாம்.”

பெரியப்பா தலையை ஆட்டினார். ஃபைலில் ஒரு தவறைத் திருத்திக்கொள்வதுபோல், சமையல்கட்டு ஜன்னல் என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

வேன் குண்டும் குழியும் தாண்டி யமுனைக்குப் போகும் நேர்சாலையில் ஏறி வேகம் பிடித்தது. கயிற்றுக்குள் அடங்காமல் சிவப்புப் புடவையின் நுனி ஒன்று விடுபட்டுக் காற்றில் அடித்துக்கொண்டது. பெரியப்பா குனிந்து அதை இழுத்து அம்மாவின் கால் அடியில் செருகினார். நாலு கஜ தூரம் போவதற்குள் மறுபடி வெளியே வந்து ஜன்னல் பக்கம் பறந்தது. அவர் கையை நீட்டினார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.